துமூலின் தீவுகள்: கரையை விட்டுவிட்டுப் பாறையில் ஏன் இறங்கினார்கள்?

நிலமகள்:
எட்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். பிரெஞ்சு மாலுமி துமோன் துர்வில் 1840 ஜனவரியில் அண்டார்டிகாவின் அடேலிக் கரையைக் கண்டார் என்று சொன்னேன். "கண்டார் சரி, கால் வைத்தாரா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தேடிப் படித்தால், அவருடைய ஆட்கள் இறங்கியது கரையில் அல்ல. எதிரே ஆளில்லாத துமூலின் தீவுகளின் வடகோடியில் உள்ள பாறை ஒன்றில். கரை கண்ணெதிரே இருக்கப் பாறைக்கு ஏன் போனார்கள்?

பாய்மரம்:
டீச்சர், அங்கே கரை என்பது கடலிலிருந்து செங்குத்தாக எழும் பனிச்சுவர். படகை இழுத்துப் போட ஓரடி மணல் கிடையாது. அதைவிட, அவர்களுக்குக் கல் வேண்டியிருந்தது. வெறும் பனியைக் காட்டி 'நிலம்' என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? அஸ்ட்ரோலாப், செலே ஆகிய இரண்டு கப்பல்களிலிருந்தும் படகுகள் புறப்பட்டன. இரண்டரை மணி நேரம் துடுப்பு வலித்தார்கள். பாறையில் நின்ற பென்குவின்களைத் தள்ளிவிட்டு மூவண்ணக் கொடியை நட்டார்கள் (அந்தப் பறவைகளை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்), போர்டோ ஒயின் ஒரு புட்டி குடித்தார்கள். பாறையை உடைத்தபோது சில்லுகள் மட்டுமே பெயர்ந்தன. பனி பெயர்த்துப் போட்ட பெரிய துண்டுகள் அங்கேயே கிடந்ததால் அவற்றைப் படகில் ஏற்றினார்கள்.

உளிக்காரன்:
சில்லுகள் மட்டும் பெயர்ந்ததில் வியப்பில்லை. இருபது ஆண்டுகள் கல் குவாரியில் இருந்தேன். விளிம்பில்லாத கருங்கல்லில் சம்மட்டி துள்ளித் திரும்பும், உள்ளங்கை எரியும். நாங்கள் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கித்தான் பிளப்போம். அங்கே தண்ணீரே ஆப்பு. விரிசலில் இறங்கி உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துப் பாறையைப் பிளந்துவிடும். அந்த மாலுமிகளுக்குப் பனி முன்கூட்டியே கல் உடைத்து வைத்திருந்தது!

பாய்மரம்:
அருமை ஐயா, ஆப்பு எனக்குத் தோன்றவேயில்லை. டீச்சர், மாணவிக்கு நேரான பதில்: துர்வில் கால் வைக்கவில்லை, கப்பலிலேயே இருந்தார். படகில் போனவர்களில் ஒருவர் கடல் வரைபடம் தீட்டிய வென்சாந்தோன் துமூலின். தீவுகளுக்கு அவர் பெயர்தான். கரைக்குத் துர்வில் தம் மனைவி அடேலின் பெயரைச் சூட்டினார். அடேலி பென்குவினுக்கும் அதுவே பெயராயிற்று.

நிலமகள்:
இருவருக்கும் நன்றி. பள்ளி வாசலில் சாலை போடக் கருங்கல் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். நாளை அதில் ஒன்றை எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதிலைத் தொடங்கப் போகிறேன்.