லிண்டன் வாடையும் காற்றுக்காசும்: எண்ணெய்க் கம்பெனியின் கண்டுபிடிப்புகளை நாம் எதிர்கொண்ட கதைகள்

நியூஜெர்ஸிக்காரன்:

நான் வேலைக்குப் போகும் வழியில் லிண்டன் இருக்கிறது. டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் போகிறவர்கள் அந்த இடம் நெருங்கியதுமே கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். வரிசையாக எண்ணெய்த் தொட்டிகள், கோபுரங்கள், இரவில் தேர்த்திருவிழா போல விளக்குகள், எப்போதும் ஒரு வாடை. 1909 முதல் அங்கே இருக்கும் பேவே சுத்திகரிப்பு நிலையம் அது. ஸ்டாண்டர்டு ஆயில் கட்டியது. பின்னாளில் எக்ஸான் என்று பெயர் மாறிய கம்பெனி. இப்போது வேறு கைக்குப் போய்விட்டது.

பத்து வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டே அதைக் கடந்தேன். 2019 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசுச் செய்தியைப் படித்தபோதுதான் தெரிந்தது, லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாம் அந்த வேலையைச் செய்தது இதே லிண்டனில், எக்ஸான் ஆய்வுக்கூடத்தில் என்று. பெட்ரோல் விற்கிறவன் வீட்டிலேயே பெட்ரோலுக்குப் போட்டி பிறந்திருக்கிறது! அன்று மாலை அந்த இடத்தில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். வாடை அப்படியேதான் இருந்தது.

உங்களில் யாருக்காவது இந்த ஆய்வுக்கூடத்துச் சரக்கோடு நேரடிப் பழக்கம் உண்டா?

டயர்க்கடை மகன்:

உண்டு அண்ணா, ஆனால் எங்களுக்கு அது நஷ்டக் கணக்கு. அப்பா பங்ச்சர் கடை வைத்திருந்தார். பங்ச்சர் வருவது நம் கையில் இல்லை. நிலையான வரும்படி காற்றடிப்பதில்தான். அந்தக் காலத்து இயற்கை ரப்பர் டியூப் ஆணி குத்தாமலேயே காற்றை இழக்கும். வாரம் ஒரு முறையாவது சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தே ஆகவேண்டும். பிறகு பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் டியூப் பரவியது. ஒரு தடவை காற்றடித்தால் வாரக்கணக்கில் நின்றது. தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தாலும் ஒரு குமிழி வராது. “இதைக் கண்டுபிடித்தவன் நம் வயிற்றில் அடித்துவிட்டான்” என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

ரப்பர் தொழில்நுட்பம் படிக்கப் போன இடத்தில்தான் வயிற்றில் அடித்தவர்களின் பெயர் கிடைத்தது. ஸ்டாண்டர்டு ஆயிலில் வேலை பார்த்த வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ், ஆண்டு 1937, இடம் உங்கள் லிண்டன். சுத்திகரிப்பில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீன் வாயுவோடு மிகக் கொஞ்சம் ஐசோப்ரீன் சேர்த்து, மைனஸ் 100 டிகிரியை ஒட்டிய குளிரில் நீண்ட சங்கிலி மூலக்கூறாக, அதாவது பாலிமராக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் மலேயா ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்க ராணுவ வண்டிகளின் டியூபுக்கு இதுதான் கைகொடுத்தது.

முதல் வாரம் ஆசிரியர் இரண்டு கறுப்புப் பந்துகளை மேசையில் போட்டார். ஒன்று துள்ளி ஜன்னல் வரை போனது. மற்றது களிமண் உருண்டை போல ‘தொப்’ என்று உட்கார்ந்துவிட்டது. அதுதான் பியூட்டைல். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கி அடைந்துகிடப்பதால் எளிதில் அசையாது. காற்று நுழைந்து வெளியேறச் சந்தும் கிடைக்காது. துள்ளாததற்கும் காற்றைக் காப்பதற்கும் காரணம் ஒன்றே என்று அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. இப்போதைய டியூப்லெஸ் டயரின் உட்சுவரிலும் இதன் குளோரின், புரோமின் சேர்த்த வகைதான் இருக்கிறது.

வேதியியல் டீச்சர்:

என் கதை சின்னது. 2020-இல் கல்லூரி ஆய்வகத்தில் சானிடைசர் கலக்கினோம். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம், கொஞ்சம் கிளிசரால், துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. “இந்த ஆல்கஹாலும் கரும்பிலிருந்தா, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை, கச்சா எண்ணெயிலிருந்து. 1920-இல் ஸ்டாண்டர்டு ஆயில், சுத்திகரிப்பில் மிஞ்சும் புரொப்பிலீன் வாயுவைக் கந்தக அமிலம் வழியாக ஆல்கஹாலாக மாற்றி விற்கத் தொடங்கியது. பெட்ரோ கெமிக்கல் என்ற தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதுவும் பேவேயில்தான், தம்பி. நீங்கள் மூக்கைப் பொத்திய இடம்.

பழைய ஆபரேட்டர்:

நான் வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில், கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் எஃப்சிசி யூனிட்டில் இருபது வருடம் ஷிப்ட் பார்த்தவன். முதல் நாள் மேற்பார்வையாளர் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. கண்ணாடிக் குழாயில் பாதியளவு வினையூக்கிப் பொடியைக் கொட்டினார். ரவையைவிட நைசாக, கோலமாவு போல இருக்கும். அடியிலிருந்து காற்றை மெல்லத் திறந்தார். பொடி பால் பொங்குவது போல எழும்பிக் கொதிக்க ஆரம்பித்தது. குழாயைச் சாய்த்தால் மேல்மட்டம் தண்ணீர் போலவே கிடைமட்டமாக நின்றது. “இது திடப்பொருள்தான். ஆனால் குழாயில் ஓடும். அவ்வளவுதான் இந்த யூனிட்” என்றார்.

அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரியது என்று பிறகு புரிந்தது. கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் ஆக்கும்போது வினையூக்கியின் மேல் கரி படிந்து அது செத்துவிடும். பிரெஞ்சுக்காரர் ஹூட்ரி முதலில் செய்த முறையில் வினையூக்கி ஒரே இடத்தில் கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை எண்ணெயை நிறுத்திக் கரியை எரிக்க வேண்டும். ஸ்டாண்டர்டு ஆயில்காரர்களோ பொடியையே ஓடவிட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் லூயிஸும் கில்லிலேண்டும் யோசனை கொடுக்க, கேம்பல், மார்ட்டின், மர்ஃப்ரீ, டைசன் என்று நால்வர் அதை யூனிட் ஆக்கினார்கள். 1942 மே 25 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் முதல் யூனிட் ஓடியது. போர் விமானங்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம்.

இன்றும் அடிப்படை அதேதான். ஒரு பக்கம் சுமார் 520 டிகிரியில் எண்ணெய் உடைகிறது. மறுபக்கம் 700 டிகிரியில் கரி எரிகிறது. நடுவே நிமிடத்துக்குப் பல டன் பொடி சுற்றுகிறது. எரியும் சூடுதான் உடைக்கும் வேலைக்கு விறகு. இரண்டு பக்கமும் கலந்துவிடாமல் காப்பது இரண்டு வால்வுகள். அவற்றின் அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே என் இளமை கழிந்தது.

ஒரு இரவு வாயுவிலிருந்து பொடியைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கருவி பழுதாகி, புகைபோக்கி வழியே பொடி வெளியேறிவிட்டது. விடிந்து பார்த்தால் நிறுத்தியிருந்த அத்தனை கார்களுக்கும் விபூதி பூசியிருந்தது. மேலாளர் கார் மட்டும் கூரைக்குக் கீழே. எங்கள் கார்களை நாங்களே கழுவினோம்.

பேட்டரி ஆய்வு மாணவி:

வணக்கம் ஐயா. விட்டிங்ஹாம் செய்த பேட்டரியை நான் ஒரு முறை பயிற்சிக்காகச் செய்திருக்கிறேன். அதில் லித்தியத்தை வாங்கிக்கொள்ளும் பொருள் டைட்டானியம் டைசல்ஃபைடு. ஈரக்காற்று பட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாற்றத்தில் லிண்டனுக்குக் குறைவில்லை.

அதன் அமைப்பு ஏட்டுச்சுவடி போன்றது. அடுக்கடுக்கான ஏடுகள்; லித்தியம் அயனி அவற்றின் நடுவே போய் உட்காரும், ஏடு கிழியாமல் வெளியேயும் வரும். நம் பதிப்பாசிரியர்கள் பிற்காலத்தார் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்று திட்டுவார்கள் அல்லவா? வேதியியலில் அந்த இடைச்செருகலுக்குத்தான் நோபல் கிடைத்தது.

1972-இல் எக்ஸானில் சேர்ந்தவர் அவர். 1973 எண்ணெய் நெருக்கடியில் கம்பெனி மிரண்டிருந்த நேரம். நியூயார்க்கில் இயக்குநர் குழுவிடம் சில நிமிடங்கள் விளக்கினார், பணம் கிடைத்தது. லித்தியம் உலோகம் ஆய்வகத்தில் பல தடவை தீப்பிடித்தது. அணைக்க வந்த தீயணைப்புப் படையினர், சிறப்பு ரசாயனத்துக்கு இனி நீங்களே காசு கொடுங்கள் என்று மிரட்டும் அளவுக்கு. கைக்கடிகார அளவில் தயாரிப்பும் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கியதும் கம்பெனி கடையைக் கட்டியது. மூன்று நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கையில் வைத்திருந்ததை விலைப்பட்டியலைப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நியூஜெர்ஸிக்காரன்:

அதைவிட ஜீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. 1977-இலேயே அதே கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் புகையால் பூமி சூடாகும் என்று மேலிடத்திடம் விளக்கினார். 1979-இல் ஒரு டேங்கர் கப்பலில் கருவி வைத்துக் கரியமில வாயுவை அளந்தார்கள். பிறகு பல வருடங்கள் அதே கம்பெனி வெளியே சந்தேகம் கிளப்பியது. ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது விளம்பரத்துறைக்குத் தெரியாது போலும்.

பழைய ஆபரேட்டர்:

உண்மைதான் தம்பி. ஆனால் அந்த நால்வரையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பொடியைத் தண்ணீராக ஓடவிட்டவர்களை நான் கும்பிடுவேன். கார் கழுவிய நாளிலும் கும்பிட்டேன்.

டயர்க்கடை மகன்:

இவை எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பேட்டரி, நோபல், போர் விமானம் எதற்கும் அசையவில்லை. லிண்டன் எங்கே என்று மட்டும் கேட்டார். அமெரிக்கா, இந்த அண்ணா தினமும் அந்த வழியாகத்தான் போகிறார் என்றேன்.

“அப்படியானால் ஒரு நாள் உள்ளே போய், என் காற்றுக்காசு பாக்கியைக் கேட்டு வாங்கி அனுப்பச் சொல்” என்றார்.