எப்போது ரிட்டயர் ஆவது? உங்களுக்கு முடிவு செய்தது எது?

அம்பத்தூரிலிருந்து:
இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். 58 நெருங்கியதும் பார்க்கிறவர்கள் எல்லாம் பென்ஷன் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், இபிஎஸ் என்கிற பிஎஃப் பென்ஷன் திட்டத்தில் கணக்கில் எடுப்பது மாதம் 15,000 ரூபாய் வரைதான். அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 35 வருஷம் என்று வைத்தாலும் மாதம் 7,500. பென்ஷனை 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். அதற்காக யாராவது வேலையில் நீடிப்பார்களா என்ன?

என்னை வேலையில் நிறுத்தி வைத்தது மெடிக்கல் இன்சூரன்ஸ். வீட்டம்மாவுக்குச் சுகர், பிபி இரண்டும் உண்டு. வேலையை விட்ட அன்றே கம்பெனியின் குரூப் பாலிசியும் போய்விடும். வெளியே புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024க்கு முன்னால் அது 4 வருஷம். அதனால் கான்ட்ராக்டில் தொடரக் கூப்பிட்டபோது, "சம்பளத்தைக் குறைச்சுக்குங்க சார், பாலிசியில எங்க ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்" என்றேன். ஒத்துக்கொண்டார்கள். தனியாக ஒரு பாலிசியும் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் காத்திருப்புக் காலம் முடிகிற மாதம்தான் எனக்கு ரிட்டயர்மென்ட். பிறந்த தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சைதாப்பேட்டையிலிருந்து:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2020 மே கடைசியில் ஓய்வு பெற வேண்டியவள். அதே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். சரி, ஒரு வருஷம்தானே என்று இருந்தால், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், என் மூட்டுக்குத்தான் இல்லை. மாடி வகுப்பே கொடுத்திருந்தால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்திருப்பேன். தலைமை ஆசிரியை கீழ்த்தளத்தில் வகுப்பு போட்டுக்கொடுத்தார், 60 வரை ஓடிவிட்டது.

வில்லிவாக்கத்திலிருந்து:
அண்ணன் பிஎஸ்என்எல்லில் 2019 விருப்ப ஓய்வில் எழுதிக் கொடுத்தவர். நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் போனார்கள். பணக் கணக்கெல்லாம் போட்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் அவர் செக்‌ஷனில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். "எல்லாரும் போனப்புறம் நான் யாரோட டீ குடிக்கிறது?" என்று கடைசி வாரத்தில் அவரும் போட்டுவிட்டார். இதை எந்த கால்குலேட்டரில் போடுவது?

மயிலாப்பூரிலிருந்து:
சம்பளம், பிஎஃப் இருக்கிறவர்கள் கதை இதெல்லாம். எங்கள் வீட்டில் சமைக்கிற அம்மாவுக்கு 60 தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. முதியோர் உதவித்தொகை 2023லிருந்து மாதம் 1,200 ரூபாய். வாடகைக்கே போதாது. போன வருஷம் இரண்டு வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டார். எங்கள் மேல் பிரியம் என்று நினைத்திருந்தோம். கேட்டால், "உங்க பில்டிங்லதாம்மா லிஃப்ட் இருக்கு" என்கிறார்.