பார்சல் நின்னுபோச்சு, கட்டணம் கட்டுங்கன்னு மெயில்: நிஜமா, ஃபிராடா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி ஒரு மெயில் வந்துச்சு, "உங்க பார்சலை டெலிவரி பண்ண முடியல, அட்ரஸ் முழுசா இல்ல, மறுபடி அனுப்ப ஒரு சின்ன கட்டணம் கட்டுங்க, 24 மணி நேரத்துல கட்டலன்னா திருப்பி அனுப்பிடுவோம்"னு. நான் நிஜமாவே ஒரு பார்சலுக்கு காத்துக்கிட்டு இருக்கேன், அதே கொரியர் பேருதான் மெயில்லயும் இருக்கு, லோகோ கலர் எல்லாம் அச்சு அசல், எழுத்துப்பிழைகூட ஒண்ணும் இல்ல, ட்ராக்கிங் நம்பரும் போட்டிருக்கு. போன்லதான் பார்க்கறேன், இன்னும் லிங்க்கை தொடல. உள்ள போய் பார்க்கலாமா வேணாமா? முக்கியமான பொருள், திரும்பிப் போயிட்டா கஷ்டம், அதான் அவசரமா கேக்கறேன்.

நூல்கண்டு:
லிங்க்கை தொடாதீங்க சகோ. மெயிலை அப்படியே வச்சுட்டு, நீங்க பொருள் வாங்கின கடையோட ஆப்லயோ சைட்லயோ உங்க ஆர்டரை திறங்க, அங்க ஒரு ட்ராக்கிங் நம்பர் இருக்கும். கொரியர் சைட் அட்ரஸை நீங்களே கையால டைப் பண்ணி அந்த நம்பரை போட்டுப் பாருங்க. பார்சல் நிஜமாவே நின்னிருந்தா அங்க தெரியும். மெயில்ல இருக்கற நம்பரும் ஆர்டர்ல இருக்கற நம்பரும் வேற வேறன்னா அந்த மெயிலை நம்பவே வேணாம்.

உங்களுக்கு பார்சல் வரப்போகுதுன்னு மெயில் அனுப்பின திருடனுக்கு எப்படி தெரியும்னு தோணும், பெரும்பாலும் அவனுக்கு தெரியவே தெரியாது. ஒரே மெயிலை கண்ணை மூடிக்கிட்டு ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பறான், அதுல யாராவது நாலு பேர் பார்சலுக்கு காத்துக்கிட்டுதான் இருப்பாங்க.

எழுத்துப்பிழையை வச்சு கண்டுபிடிச்ச காலம் போயிடுச்சு, இப்ப யாரு வேணா சுத்தமா எழுதிடலாம். லோகோவும் ஒரிஜினல் சைட்ல இருந்து எடுத்ததுதான். அனுப்பினவர் பேருன்னு காட்டுதே, அதுல என்ன வேணா எழுதிக்கலாம், அந்தப் பேரை ஒரு தட்டு தட்டினா உள்ள நிஜ மெயில் ஐடி தெரியும், அட் குறிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

மழைத்துளி:
பார்த்தேன். அட் குறிக்கு அப்புறம் கம்பெனி பேரு இருக்கு, ஆனா அதோட ஒரு கோடு போட்டு வேற என்னமோ ஒட்டியிருக்கு. லிங்க்கை அழுத்திப் பிடிச்சா கம்பெனிபேர்.காம்.பார்சல்-செக்.டாப்/ அப்படிங்கற மாதிரி பெருசா வருது. இதுல கம்பெனி பேரு இருக்கறதால குழப்பமா இருக்கு. சைட்டுக்கு பூட்டு இருந்தா சேஃப்னு சொல்வாங்களே, அதை வச்சு பார்க்கலாமா?

நூல்கண்டு:
குழப்பணும்னுதான் அப்படி வச்சிருக்கான். லிங்க்ல ஆரம்பத்துல வர்ற இரட்டை ஸ்லாஷை விட்டுடுங்க, அதுக்கப்புறம் வர்ற முதல் ஒத்தை ஸ்லாஷ் எங்க இருக்குன்னு பாருங்க. அங்க இருந்து இடதுபக்கமா படிச்சுட்டு வாங்க. ஸ்லாஷை ஒட்டி இருக்கறதுதான் வீட்டு உரிமையாளர் பேரு, அதாவது பார்சல்-செக்.டாப். முன்னாடி இருக்கற கம்பெனிபேர்.காம் எல்லாம் அவனே எழுதிக்கிட்ட போர்டு. அதே மாதிரி கம்பெனிபேர்.காம் வேற, கம்பெனிபேர்-ட்ராக்.காம் வேற, நடுவுல கோடு போட்டா அது தனி டொமைன், அதாவது தனி சைட் பேரு, யாரு வேணா வாங்கலாம்.

பூட்டை நம்பாதீங்க. உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம், எதிர்ல இருக்கறவன் நல்லவன்னு இல்ல. திருட்டு சைட்டுக்கும் அந்தப் பூட்டுக்கான சர்ட்டிஃபிகேட் இலவசமாவே கிடைக்குது. குரோம்ல அந்தப் பூட்டு படத்தையே 2023ல எடுத்துட்டாங்க, ஜனங்க அதைத் தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னு.

ஈத்தர்நெட்:
நூல்கண்டு சொன்னதோட ஒண்ணு. ஜிமெயிலை கம்ப்யூட்டர்ல திறந்தா மூணு புள்ளி மெனுவுல "ஷோ ஒரிஜினல்"னு இருக்கும், அதுல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு சோதனை இருக்கும், மெயில் நிஜமாவே அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சான்னு பார்க்கறது, மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு காட்டும். ஃபெயில்னா சந்தேகப்படணும். ஆனா பாஸ்னு வந்துட்டா நல்ல மெயில்னு முடிவு பண்ணிடாதீங்க, இந்த இடத்துலதான் விஷயம் தெரிஞ்சவங்களே ஏமாறறாங்க. பாஸ்னா அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், அவன் சொந்தமா வாங்கின போலி டொமைனுக்கும் அழகா பாஸ் வரும்.

இன்னொன்னு, வெளிநாட்டு தபால் பார்சல்னா நம்பர் 2 எழுத்து, 9 இலக்கம், கடைசில நாட்டுக்கு 2 எழுத்து, மொத்தம் 13 இருக்கும். அது உலக தபால் ஒன்றியத்தோட எஸ்10 வடிவம். தபால்னு சொல்லிட்டு நம்பர் வேற மாதிரி இருந்தா யோசிங்க. தனியார் கொரியர்களுக்கு இது பொருந்தாது, திருடனும் சரியான வடிவத்துல நம்பர் எழுதலாம், அதனால சைட்ல போட்டுப் பார்க்கறதுதான் முடிவு.

கட்டணம் கேட்டாலே பொய்னும் இல்ல, வெளிநாட்டுல இருந்து வர்ற பொருளுக்கு சுங்க வரி நிஜமாவே வரும். அதையும் சைட்ல நம்பர் போட்டு பார்த்துட்டுத்தான் கட்டணும், மெயில் லிங்க்ல இல்ல.

தேன்மொழி:
இந்த நேரத்துல இந்த இழை கண்ணுல பட்டுச்சு. எங்க அப்பா இதே மாதிரி மெயில்ல கார்டு நம்பர், பின்னாடி இருக்கற மூணு நம்பர், அப்புறம் வந்த ஓடிபி எல்லாம் போட்டுட்டாரு. போனது ரொம்ப சின்ன தொகைதான், அதனால விட்டுடலாம்ங்கறாரு. விடலாமா?

ஈத்தர்நெட்:
விடாதீங்க அக்கா, இப்பவே பேங்குக்கு போன் பண்ணுங்க, கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கற நம்பருக்கு, மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல. அந்த சின்ன தொகை வெறும் சாக்கு, அவனுக்கு வேண்டியது கார்டு. ஓடிபி மெசேஜை முழுசா படிச்சுப் பாருங்க, பல சமயம் அது கட்டணத்துக்கான ஓடிபியே இல்ல, அப்பா கார்டை அவன் போன் வாலட்ல, அதாவது கார்டை போன்லயே வச்சு பணம் கட்டற ஆப்ல, சேர்க்கறதுக்கானது. சேர்த்துட்டான்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்காமயே கடைகள்ல தட்டித் தட்டி செலவு பண்ணலாம். கார்டை பிளாக் பண்ணி புது நம்பர் கேளுங்க, எந்த வாலட்லயாவது சேர்ந்திருக்கான்னும் கேளுங்க, இருந்தா நீக்கச் சொல்லுங்க. மெயில் பாஸ்வேர்டையும் எங்கயாவது போட்டாரான்னு விசாரிங்க, போட்டிருந்தா உடனே மாத்தி எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் பண்ணுங்க. அப்பாவை திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை சொல்லாம மறைச்சுடுவாங்க.

மழைத்துளி:
ஆர்டர்ல பார்த்துட்டேன், பார்சல் வந்துக்கிட்டு இருக்கு, எங்கயும் நிக்கல, நம்பரும் வேற. மெயிலை ஃபிஷிங்னு, அதாவது ஏமாத்து மெயில்னு, ரிப்போர்ட் பண்ணிட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

தேன்மொழி:
கார்டை பிளாக் பண்ணியாச்சு. ஒரு வாலட்ல சேர்ந்திருக்குன்னு பேங்க்ல சொன்னாங்க, நீக்கிட்டாங்க. இனி ஏதும் கவனிக்கணுமா?

நூல்கண்டு:
நல்ல வேளை. கொஞ்ச நாளைக்கு ஸ்டேட்மெண்டை பாருங்க. அதோட அப்பா கிட்ட ஒண்ணு சொல்லி வைங்க, அவரோட பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் இப்ப அவங்க கையில இருக்கு, "பேங்க்ல இருந்து பேசறோம், போன பணத்தை மீட்டுத் தர்றோம்"னு போன் வரலாம். கட் பண்ணிட்டு, பேங்க் நம்பருக்கு அவரே கூப்பிட்டு கேக்கட்டும்.