டிரெஸ்டன் பச்சை வைரம்: நிறம் இயற்கைதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பச்சைக்கல்:
ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் 41 காரட் பச்சை வைரத்தைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் விட மாட்டேன் என்கிறது. பச்சை வைரம் விற்பனைக்கு வந்தாலே, கதிர்வீச்சில் வைத்து நிறமேற்றியதோ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பரிசோதனைக் கூடங்களே சில கற்களுக்கு முடிவு சொல்ல முடியாமல் கைவிரித்துவிடுமாம். அப்படியிருக்க இந்தக் கல்லை மட்டும் இயற்கைப் பச்சை என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

கல்பதிப்பவன்:
தேதியைப் பாருங்கள், போதும். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது 1896இல். சாக்சனியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக் அகஸ்டஸ், லைப்சிக் சந்தையில் ஒரு டச்சு வியாபாரியிடம் இந்தக் கல்லை வாங்கியது 1742இல். வைரத்துக்குக் கதிர்வீச்சால் பச்சை ஏற்றும் வழி அன்று யாருக்கும் தெரியாது. ரேடியம் உப்பில் வைரத்தைப் போட்டுவைத்துப் பச்சையாக்கிக் காட்டிய வில்லியம் க்ரூக்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறார். அதனால்தான் 1988இல் நிபுணர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். இயற்கைப் பச்சை எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நம்பகமான கல் ஏது?

பச்சையாக்குவது இயற்கையிலும் கதிர்வீச்சுதான். மண்ணுக்குள் பக்கத்தில் யுரேனியம் கலந்த கனிமமோ நீரோ இருந்தால், அதன் கதிர் வைரத்துக்குள் இருக்கும் கார்பன் அணுக்களை இடம்பெயர வைக்கும். அந்தக் காலியிடங்கள் சிவப்பை விழுங்க, நம் கண்ணுக்குப் பச்சை மிஞ்சும்.

முப்பது வருடமாகக் கல் பதிக்கிறேன். ஒருமுறை பட்டை தீட்டாத கல் ஒன்று கைக்கு வந்தது, நல்ல இலைப்பச்சை. சக்கரத்தில் ஒரே ஒரு பட்டை வைத்து எடுத்ததும், அந்த இடம் ஜன்னல் திறந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. பச்சை எல்லாம் தோலோடு சரி, உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவு! அன்று எனக்கு மனசே ஆறவில்லை. டிரெஸ்டன் கல்லோ பட்டை தீட்டிய பிறகும் உடம்பு முழுக்கப் பச்சை. அவ்வளவு பெரிய கல்லில், அவ்வளவு சீராக. அதன் அருமை அங்கேதான் இருக்கிறது.

வழிப்போக்கன்:
2019இல் இந்தக் கல் இருக்கும் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் பெரிய நகைத் திருட்டு நடந்ததே, இது தப்பித்ததா?

கல்பதிப்பவன்:
தப்பித்தது. அப்போது கல் நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் கண்காட்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் படையினர் கொண்டுபோய், 1958இல் திரும்பி வந்த கல் இது.

பச்சைக்கல்:
மிக்க நன்றி ஐயா. தேதியை வைத்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை கைமாறியும் நிறம் மங்காதா?

கல்பதிப்பவன்:
வெளிச்சத்தால் பயமில்லை, நெருப்புதான் ஆகாது. சுமார் 600 டிகிரி சூடு பட்டால் இந்த வகைப் பச்சை பழுப்பாகிவிடும். நகையை ஒட்டப் பற்றாசு வைத்து ஊதும் சூடு அதையும் தாண்டும். 1768இல் டீஸ்பாக் என்ற நகைக்கலைஞர் இதை வெள்ளை வைரங்களோடு சேர்த்துத் தொப்பி அணியாகச் செய்தார். இன்றும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. அதற்கு முன்பும் இரண்டு பேர் இதை வேறு கட்டுகளில் பதித்திருந்தார்கள். மூன்று பட்டறை ஏறி இறங்கியும் பச்சை அப்படியே நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.