மனிதக் குளோனிங்: நிரந்தரத் தடை சரிதானா?

கதிர்நிலவன்:
மனிதக் குளோனிங், அதாவது ஒருவரின் உடல் செல்லிலிருந்து அதே மரபணுவோடு இன்னொருவரைப் பிறக்க வைப்பது என்று பேச்செடுத்தாலே "இயற்கைக்கு விரோதம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 1978-இல் லூயிஸ் பிரவுன் சோதனைக்குழாய் முறையில் முதல் குழந்தையாகப் பிறந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். இன்று அந்த முறையில் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல நமக்கு வாய் வருமா?

என் நிலைப்பாடு இதுதான். இன்றைய நிலையில் மனிதரைக் குளோனிங் செய்யக் கூடாது, ஏனென்றால் இன்றைய நுட்பம் ஆபத்தானது. ஆனால் யுனெஸ்கோ 1997-இல் வெளியிட்ட மனித மரபணு பிரகடனம், குளோனிங் மூலம் பிள்ளை பெறுவது மனித கண்ணியத்துக்கே எதிரானது என்கிறது. அதாவது, ஆபத்து நீங்கினாலும் கூடாது. இதைத்தான் நான் ஏற்கவில்லை. விந்தணுவும் இல்லை, கருமுட்டையும் இல்லை, ஆனால் தங்கள் ரத்தத்தில் ஒரு பிள்ளை வேண்டும் என்று ஏங்கும் தம்பதிக்கு, நுட்பம் பாதுகாப்பானதாகிவிட்ட பிறகும் ஏன் மறுக்க வேண்டும்? கோபப்படாமல் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பூங்கோதை:
கதிர், "பாதுகாப்பானதாகிவிட்ட பிறகு" என்று எவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகிறீர்கள்! என் மறுப்பு முழுவதும் அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1996-இல் பிறக்க ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 277 முட்டைகளில் முயன்றார்கள். 29 மட்டுமே கருவாக வளர்ந்து ஆடுகளின் கருப்பைக்குப் போயின. பிறந்தது ஒன்று. சரி, அது பழைய கதை என்பீர்கள். 2018-இல் ஷாங்காயில் குரங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கருவில் இருந்த குட்டியின் செல்களை வைத்துச் செய்தபோது 79 கருக்கள், 21 வாடகைத் தாய்க் குரங்குகள், 6 கர்ப்பங்கள், கடைசியில் இரண்டு குட்டிகள் பிழைத்தன. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்துச் செய்தபோது 181 கருக்கள், 42 தாய்கள், 22 கர்ப்பங்கள். பிறந்த இரண்டும் கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிட்டன.

இப்போது குரங்கு என்ற இடத்தில் பெண் என்று வைத்து அந்த எண்களைத் திரும்பப் படியுங்கள். 42 பெண்கள். 22 கர்ப்பங்கள். பிறந்த கொஞ்ச நேரத்தில் இறந்த இரண்டு குழந்தைகள். பாதுகாப்பான நுட்பத்துக்குப் போகும் வழி இதுவென்றால், அந்த வழியில் கால் வைக்கவே யாருக்கும் உரிமை கிடையாது.

ஆய்வக_ராமன்:
கால்நடைக் கருக்களோடு வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

நுண்ணோக்கியின் கீழ் கருமுட்டை கண்ணாடி உருண்டை போலத் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு பக்கம் நுண்குழாயால் மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் இன்னொரு நுண்குழாயால் குத்தி முட்டையின் மரபுப்பொருளை வெளியே எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் முட்டை பிதுங்கிப் போய்விடும். பிறகு உடல் செல்லை உள்ளே வைத்து, சின்ன மின்துடிப்பு கொடுத்து இரண்டையும் இணைப்பார்கள். பார்க்க இதுதான் கஷ்டமான வேலை போலத் தோன்றும். ஆனால் கை பழகினால் இது வந்துவிடும்.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம். தோல் செல்லில் தோலுக்கு வேண்டிய மரபணுக்கள் மட்டும் இயங்கும், மற்றவை மூடிக் கிடக்கும். முட்டைக்குள் போன சில மணி நேரத்தில் அந்தப் பூட்டுகள் எல்லாம் திறந்து, முதலில் இருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அரைகுறையாகத்தான் திறக்கின்றன. அதனால்தான் நஞ்சுக்கொடி கெட்டுப் போகிறது, கன்று அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கிறது, நுரையீரல் சரியாக உருவாவதில்லை. அழிந்துபோன பைரனீஸ் மலையாட்டை 2003-இல் குளோனிங்கில் பிறக்க வைத்தார்கள். நுரையீரல் குறையால் அந்தக் குட்டி சில நிமிடங்களே உயிரோடு இருந்தது.

ஆனால் டாலி சீக்கிரம் கிழடாகிச் செத்தது என்று பரப்பப்படுவது சரியில்லை. அதைக் கொன்றது வைரஸால் வந்த நுரையீரல் கட்டி. அதே இடத்தில் இருந்த சாதாரண ஆடுகளுக்கும் அது வந்தது. டாலி பிறந்த அதே செல் தொகுப்பிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நல்லபடியாக வயதானதை 2016-இல் வெளியிட்டார்கள். ஆக, பிறப்பைத் தாண்டிவிட்டால் குளோன் பொதுவாக நன்றாகவே வாழ்கிறது. தாண்டுவதுதான் பெரும்பாடு.

கதிர்நிலவன்:
ராமன் சார், நன்றி. நான் சொல்ல வந்ததற்கு நீங்களே வழி போட்டுவிட்டீர்கள். நஞ்சுக்கொடிதான் சிக்கல் என்று தெரிந்த பிறகு ஷாங்காயில் என்ன செய்தார்கள்? நஞ்சுக்கொடியாக வளரும் வெளிப்பகுதியை மட்டும் சாதாரணமாகக் கருவுற்ற கருவிலிருந்து எடுத்து மாற்றினார்கள். 113 கருக்கள் உருவாக்கி, 11 மட்டும் ஏழு குரங்குகளுக்குள் வைத்தார்கள். 2020-இல் பிறந்த ரீசஸ் குரங்கு ஒன்று நலமாக வளர்ந்ததை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். பூங்கோதை, நுட்பம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் விலங்குகளில்தான் நகர்கிறது. மனிதரில் தொடங்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

இளவேனில்:
எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு எண்கள் எல்லாம் சரியாகிப் போனாலும் மனம் ஒப்பாது. பிறக்கப் போகும் பிள்ளையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்.

குளோனிங்கை நாடுபவர்களில் பலர் கதிர் சொல்லும் தம்பதி மாதிரி இருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன், அதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது ஒரு புதுப் பிள்ளையை அல்ல, போன பிள்ளையைத் திரும்பக் கேட்கிறார்கள். அது கிடைக்காது. 2001-இல் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனை சிசியைப் பாருங்கள். செல் கொடுத்த பூனை கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு என்று மூன்று நிறம். சிசியின் உடம்பில் ஆரஞ்சு ஒரு திட்டுகூட இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மூடிக்கொள்ளும். எடுத்த செல்லில் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு இருந்த குரோமோசோம் மூடிக் கிடந்தது. மரபணு ஒன்றேதான், பூனை வேறு.

பூனைக்கே இப்படி என்றால் மனிதப் பிள்ளைக்கு? "அவன் உன் வயதில் கணக்கில் புலி, நீ ஏன் இப்படி?" என்ற பார்வையோடு ஒரு வாழ்நாள் முழுக்க வளர வேண்டும். தன் முகம் நாற்பது வயதில் எப்படி ஆகும், தனக்கு எந்த நோய் வரும் என்பதை எல்லாம் வேறொருவர் வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருப்பார். தெரியாத எதிர்காலம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் சொத்து. அதைப் பிறப்பதற்கு முன்பே பிடுங்கிக்கொள்கிறோம்.

கதிர்நிலவன்:
இளவேனில், இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மரபணு ஒன்றாக இருந்தும் பூனை வேறாகத்தான் இருக்கிறது என்று நீங்களே காட்டுகிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, அந்தப் பிள்ளையின் எதிர்காலம் ஏற்கெனவே வாழப்பட்டுவிட்டது என்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சேரும்? ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மரபணுவில் குளோனைவிட நெருக்கமானவர்கள். செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று சில மரபணுக்கள் கொண்ட மைட்டோகாண்ட்ரியா குளோனுக்கு முட்டை கொடுத்தவரிடமிருந்து வருகிறது, இரட்டையருக்கு அதுவும் ஒன்றே. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே காலம். அப்படியும் ஒருவர் பாடகராகவும் இன்னொருவர் கணக்காளராகவும் ஆகிறார்கள். அவர்களுடைய எதிர்காலம் பிடுங்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளை மீது எதிர்பார்ப்பை ஏற்றும் பெற்றோர் பற்றி: அது உண்மையான கொடுமை. ஆனால் குளோனிங் இல்லாமலே அது ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது. இறந்த பாட்டனின் பெயரை வைத்து, அவர் விட்ட தொழிலைத் தலையில் கட்டுகிறோம். அதற்காகப் பிள்ளை பெறுவதை யாரும் தடை செய்யவில்லையே?

இன்னொன்று. குளோனிங் நடக்காவிட்டால் அந்தப் பிள்ளை வேறு விதமாக, நிம்மதியாகப் பிறந்திருக்கும் என்பது கிடையாது. அந்தப் பிள்ளை பிறக்கவே பிறக்காது. கொஞ்சம் சுமையோடு வாழ்வது, இல்லாமலே போவதைவிட மோசம் என்று அந்தப் பிள்ளை சார்பில் நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இளவேனில்:
உடம்பு வேறாகும், மனம் வேறாகும், அதில் சந்தேகமில்லை. நான் பேசுவது மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையை. இரட்டையரில் யாரும் யாருக்கும் மூத்த மாதிரி இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். குளோனுக்கு முன்னால் ஒருவர் ஏற்கெனவே முடித்துவிட்டு நிற்கிறார், அவரை மனதில் வைத்தே இந்தப் பிள்ளை வரவழைக்கப்படுகிறது. பாட்டன் பெயர் வைக்கும் வீட்டிலும் பிள்ளை யாராக வரும் என்று யாருக்கும் தெரியாது.

பூங்கோதை:
"பிறக்காமலே போவதைவிட மேல்" என்ற வாதம் எனக்குப் பயத்தைத் தருகிறது. அதை வைத்து எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம். தெரிந்தே குறையோடு ஒரு பிள்ளையை உருவாக்கிவிட்டு, "இல்லாவிட்டால் நீ இருந்திருக்கவே மாட்டாய்" என்று சொல்லிவிடலாம். பிறக்காத ஒருவருக்கு நாம் எதுவும் கடன்படவில்லை. பிறக்க வைக்கப் போகிறவருக்குத்தான் கடன்படுகிறோம்.

அப்புறம், இந்தப் பேச்சில் யாரும் தொடாத ஆள் ஒருத்தி இருக்கிறாள். முட்டை கொடுக்கும் பெண். தினமும் ஹார்மோன் ஊசி, வயிறு உப்பல், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சினைப்பை வீக்கம், கடைசியில் ஊசி வழியாக முட்டையை உறிஞ்சுதல். தென் கொரியாவில் ஹுவாங் வூ-சுக் மனிதக் கருவைக் குளோனிங் செய்து, உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004-லும் 2005-லும் அறிவித்து உலகப் புகழ் பெற்றார். 2006-இல் அந்தக் கட்டுரைகள் மோசடி என்று திரும்பப் பெறப்பட்டன. அதற்காக 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களும் உண்டு. மேலதிகாரி கேட்கும்போது "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? தம்பதியின் ஏக்கத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் கதிர், இந்தப் பெண்களைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.

தாமரைச்செல்வன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இரண்டு வேறு காரியங்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஹுவாங் செய்ததாகச் சொன்னது பிள்ளை பெறும் குளோனிங் அல்ல, சிகிச்சைக்கான குளோனிங். கருவைச் சில நாள் வளர்த்து ஸ்டெம் செல் எடுப்பது, கருப்பைக்குள் வைப்பதே இல்லை. அதை 2013-இல் அமெரிக்காவின் ஓரிகானில் மித்தாலிபோவ் என்ற ஆய்வாளரின் குழு உண்மையாகவே செய்து காட்டியது. பிரிட்டன் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே வைத்தது: 2001 முதல் பிள்ளை பெறும் குளோனிங் குற்றம், ஆய்வுக்கு உரிமம் வாங்கலாம். 2005-இல் ஐ.நா. பொதுச்சபை இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பிரகடனம் கொண்டு வந்தபோது நாடுகள் பிளந்தன. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. கட்டாயப்படுத்தும் சக்தியும் அதற்கு இல்லை.

பூங்கோதை அக்கா சொன்ன முட்டைப் பிரச்சினை சிகிச்சைக் குளோனிங்குக்கும் பொருந்தும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு மாற்று வந்துவிட்டது. 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா எலியின் சாதாரண செல்லையே நான்கு மரபணுக்களைக் கொண்டு ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பினார், அடுத்த ஆண்டே மனித செல்லிலும் ஆயிற்று. முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம்.

கதிர்நிலவன்:
பூங்கோதை, எழுதுகிறேன். முட்டை கொடுப்பவரை வற்புறுத்தியோ ஏழ்மையைப் பயன்படுத்தியோ எடுத்தால் அது குற்றம், பிள்ளைக்காக எடுத்தாலும் ஆய்வுக்காக எடுத்தாலும். ஆனால் சோதனைக்குழாய் சிகிச்சையிலும் முட்டைத் தானம் நடக்கிறது. அங்கே கட்டுப்பாடு போதும், இங்கே மட்டும் தடையா?

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கண்ணியத்துக்கு எதிரானது என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நாளைக்கு எங்கோ ஒரு மூலையில் யாரோ மறைவாகச் செய்து ஒரு பிள்ளை பிறந்துவிடுகிறது. 2018-இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய் யாருக்கும் தெரியாமல் மரபணு திருத்திய குழந்தைகளைப் பிறக்க வைக்கவில்லையா? சிறைக்குப் போனார், ஆனால் குழந்தைகள் பிறந்தது பிறந்ததுதான். அதுபோல ஒரு குளோன் பிள்ளை வளர்ந்து, தன் பிறப்பே மனித கண்ணியத்துக்கு இழுக்கு என்று உலகம் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் எப்படி இருக்கும்?

இளவேனில்:
அந்தப் பிள்ளை நம் எல்லோரையும் போல முழு மனிதர். அதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை. குற்றம் செய்தவரின் பேரில், பிறந்தவரின் பேரில் அல்ல. சட்டத்தின் வாசகத்தை அப்படித் திருத்தச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன். தடையை எடுக்கச் சொன்னால் போட மாட்டேன்.

கதிர்நிலவன்:
அப்படியானால் இப்படிக் கேட்கிறேன். தடை இருக்கட்டும். காரணமாகக் கண்ணியத்தை எழுதாமல், பிறக்கும் பிள்ளைக்கும் சுமக்கும் பெண்ணுக்கும் உள்ள ஆபத்தை எழுதுவோம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அறிவியல் நிலையைப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம். பூங்கோதை, இதில் என்ன மறுப்பு?

பூங்கோதை:
காரணத்தை மாற்றுவதற்கு மறுப்பில்லை. மறுபரிசீலனைக்குத்தான் மறுப்பு. என்றைக்கோ ஒரு குழு "இனிப் பாதுகாப்பு" என்று அறிவிக்க வேண்டும். அவர்கள் கையில் விலங்குகளின் தரவு மட்டும்தான் இருக்கும். ஆடு, மாடு, எலி, பூனை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது, குரங்கு வரவே டாலிக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ராமன், உங்களையே கேட்கிறேன். எத்தனை குரங்குகள் நலமாகப் பிறந்தால் ஒரு பெண்ணிடம் போய் "பயமில்லை, வாருங்கள்" என்று சொல்வீர்கள்?

ஆய்வக_ராமன்:
எண் சொல்ல என்னால் முடியாது அம்மா. ஆயிரம் குரங்குகள் நலமாகப் பிறந்து, வயதாகி, அவற்றின் குட்டிகளும் நலமாக இருந்தாலும், முதல் மனிதக் கர்ப்பம் சோதனையாகத்தான் இருக்கும். அந்தக் கரு வைக்கும் நுண்குழாயை நான் கையில் எடுக்க மாட்டேன்.

கதிர்நிலவன்:
சோதனைக்குழாய் முறையில் முதன்முதலில் அந்தக் குழாயை எடுத்தவர்களும் இதே இடத்தில்தான் நின்றார்கள், சார். முதல் கர்ப்பம் எப்போதும் சோதனைதான். எடுக்காமல் இருந்திருந்தால் லூயிஸ் பிரவுன் இல்லை.

பூங்கோதை:
அவர்கள் சேர்த்தது ஒரு முட்டையையும் ஒரு விந்தணுவையும். அந்தச் சேர்க்கை உடம்புக்குள் எப்போதும் நடப்பதுதான், அவர்கள் நடக்கும் இடத்தை மட்டும் மாற்றினார்கள். நீங்கள் கேட்பது தோல் செல்லின் பூட்டுகளை எல்லாம் சில மணி நேரத்தில் திறந்து மனிதரை உருவாக்குவதை. எந்தப் பூட்டு திறக்கவில்லை என்பது பிள்ளை பிறந்த பிறகோ, பத்து வயதிலோதான் தெரியும். இந்த வித்தியாசம் இருக்கும்வரை என் பதில் மாறாது.