மாமாவுக்குக் கொலஸ்ட்ரால்: ஏர் ஃபிரையர் வாங்கலாமா, குவாலியே (வாணலியே) போதுமா?

பிறை மருமகள்:
வணக்கம். என் மாமனாருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, பொரித்ததைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவருக்கோ மதியம் சோற்றுக்குப் பொரித்த கெம்போங் மீன் இருந்தே ஆக வேண்டும், மாலையில் தேநீரோடு வடையோ கறிபாப்போ (கறிமசாலா அடைத்த பலகாரம்) வேண்டும். கணவர் ஏர் ஃபிரையர் வாங்கலாம் என்கிறார். அத்தை, "குவாலியில் புது எண்ணெய் ஊற்றிப் பொரித்தால் ஒன்றும் ஆகாது" என்கிறார். எது உடம்புக்கு நல்லது? இருப்பது ஃபிளாட், சமையலறையில் ஒரே ஒரு ஜன்னல். பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

தாதி அக்கா, புக்கிட் மெர்தாஜாம்:
தங்கச்சி, மீனுக்கென்றால் யோசிக்காமல் வாங்குங்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சூட்டுக் கம்பியும் ஒரு காற்றாடியும்தான். 180, 200 டிகிரி சூட்டில் காற்று வேகமாகச் சுற்றி, மேல்புறத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்கும். குவாலியில் பொரிக்கும்போது மீனிலுள்ள நீர் ஆவியாக வெளியேறும், அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறக்குறைய 120 கலோரி. நாம் ஊற்றுவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய். அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான்.

மஞ்சள், மிளகாய்த்தூள், சோம்புத்தூள், உப்பு தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயை இருபுறமும் பூசி, 180-இல் 12 முதல் 15 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். நெருக்கி அடுக்கினால் மீன் அவியும், பொரியாது.

அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் புது எண்ணெயை ஒரு தடவையோடு யார் கொட்டுகிறோம்? 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயைக்கூட வடிகட்டி வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் சுட வைக்கிறோம். நிறம் கறுத்து, நுரை கட்டி, சிக்கு வாடை வந்த பிறகும் அதிலேயே அப்பளம்! எனக்கு வயிற்றெரிச்சலே இதுதான். திரும்பத் திரும்பச் சூடேறும்போது எண்ணெய் சிதைந்து, வேண்டாத பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று புகை. அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஒரே ஜன்னல் உள்ள வீட்டில் அதை நாள்தோறும் மூச்சில் இழுப்பது நீங்களும் அத்தையும்தானே?

பட்டர்வொர்த் கேட்டரிங்:
தாதி அக்கா சொன்ன மீன் விஷயம் சரி. வடைக்கு மட்டும் ஏர் ஃபிரையரை நம்பாதீர்கள். உளுந்து மாவு தளர்வானது. எண்ணெயில் விழுந்ததும் சுற்றிலும் ஓடு கட்டினால்தான் உள்ளே பஞ்சுபோல் இருக்கும். காற்றில் வைத்தால் மாவு வழிந்து தட்டையாகி, ரப்பர் மாதிரி வரும். பஜ்ஜியும் அப்படித்தான். மாமாவுக்கு வடை ஆசை வந்தால் எண்ணிக்கையைக் குறைத்து, புது எண்ணெயில் நல்ல வடையாகவே சுட்டுக் கொடுங்கள். பருப்பு வடை வேண்டுமானால் கெட்டியாக அரைத்து, மெல்லியதாகத் தட்டி, எண்ணெய் பூசி வைக்கலாம், சுமாராக வரும். கோழிக்கு அருமை. தோலில் உள்ள கொழுப்பே உருகிக் கீழே சொட்டும்.

பிறை மருமகள்:
நன்றி அக்கா, அண்ணே. கடையில் உறைய வைத்து விற்கும் கறிபாப்பை அதில் வைத்தால் பரவாயில்லையா? உருளைக்கிழங்கு வறுவலும் மாமாவுக்குப் பிடிக்கும்.

தாதி அக்கா, புக்கிட் மெர்தாஜாம்:
கறிபாப்பின் மேல்மாவிலேயே கொழுப்பு பிசைந்திருக்கும், எதில் சுட்டாலும் அது போகாது. பாக்கெட்டைத் திருப்பி, கொழுப்பும் உப்பும் எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

உருளைக்கிழங்கில் கவனம் வேண்டும். மாவுச்சத்துள்ளவை 120 டிகிரிக்கு மேல் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் உணவில் இதைக் கண்டு சொன்னார்கள். ஏர் ஃபிரையரிலும் இது வரும். நறுக்கியதைத் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மாமா காலையில் என்ன சாப்பிடுகிறார்? தினமும் ரொட்டி சானாய், நாசி லெமாக் என்றால் அந்த ரொட்டியில் உள்ள நெய்யையும் நாசி லெமாக் சோற்றில் உள்ள தேங்காய்ப்பாலையும் எந்தப் பெட்டியாலும் குறைக்க முடியாது. அதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.