விளையாட்டின் வழியே எல்லைகளைக் கற்பிக்க உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த, ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். தன் உடலும் தன் பொருளும் தன் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும், பிறருடையதைத் தானும் மதிக்க வேண்டும் என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் விளையாட்டிலேயே பழக்க விரும்புகிறேன்.

பாண்டி ஆட்டத்தில் ஒருவர் வென்ற கட்டத்தில் மற்றவர் அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்கிறார்கள். ஆனால் அதே பிள்ளைகள், தோழி "வேண்டாம்" என்று விலகும்போதும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கபடியில் தொடுவது விதிக்கு உட்பட்டது, ஆட்டம் முடிந்தபின் அப்படியல்ல என்பதை எப்படி உணர்த்துவது? மறுக்கவே கூச்சப்படும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை, ஏனெனில் பெரியவர்கள் கன்னத்தைக் கிள்ளினாலும் பொறுத்துக்கொள்வதே மரியாதை என்று அவர்கள் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அவர்களுக்கு மனப்பாடம். வாய் திறந்து சொல்லும் துணிவு அதனால் மட்டும் வந்துவிடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தந்தையரும் கரையில் இருப்பார்கள் என்பதால், பெற்றோரும் பாட்டிமாரும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகளை அப்போது தொடங்க எண்ணுகிறேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பகுதிகளில் பிள்ளைகளோடு பணியாற்றுவோர், நீங்கள் ஆடவைத்த விளையாட்டுகளை அவற்றின் விதிகளோடு இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ தயவுசெய்து பகிர வேண்டாம்.